ஆண்டவன் படைக்காத நிறம்

"மெதுவா நடங்க மாஸ்டர், ஆண்டவன் எங்கயும் ஓடிட மாட்டாரு" என்றான் வழிகாட்டி பூத்ராம், கத்தியால் கொடிகளை வெட்டி வழி செய்தபடி.

"அவர் இருப்பாருடா. என் வேலைதான் ஓடிடும்" என்றார் செல்வின்.

ட்ரினிடாட் கார்னிவல் ஊர்வலத்தில் ராணி போடும் உடையை வடிவமைப்பவர் அவர். போன கார்னிவலில் அவர் உடையைப் பார்த்த நடுவர், "ஆண்டவன் படைப்பிலேயே இல்லாத நிறம்" என்றார். தெருவே சிரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் புது வடிவம் வராவிட்டால், இந்த முறை ரம் வண்டி தள்ளத்தான் ஆள் தேவை என்று குழுத்தலைவி சொல்லிவிட்டாள். சரி, இயற்கையிடமே கேட்டுவிடுவோம் என்று மலைக்காட்டுக்கு வந்திருந்தார். இயற்கை இதுவரை கொசுவைத்தான் கொடுத்திருந்தது.

"அந்தா, மஞ்சள்வால் பறவைக் கூடு! காத்துல ஒண்ணு விழுந்து கிடக்கு பாருங்க."

ஆற்றோரம், கை நீளத்துக்குப் பை மாதிரி ஒரு கூடு. காய்ந்த நாருக்கு நடுவே ஊதா என்றும் சொல்ல முடியாத, செம்பு என்றும் சொல்ல முடியாத ஒரு நிறம் இழை இழையாக ஓடியது.

செல்வின் மண்டியிட்டார். "என்ன நார்டா இது?"

"காட்டுல ஆயிரம் கொடி. எதைக் கண்டோம்?"

"மனுஷனுக்கு வராதுடா இந்த நிறம். ஆண்டவன் ஒருத்தனாலதான் முடியும்!"

"கண்ணுல கொசு விழுந்திருச்சா மாஸ்டர்?"

"ஆமாண்டா, கொசுதான்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து கூட்டை மேசைமேல் வைத்தார். "மெர்ல்! இதே நிறத்துல சாயம் காய்ச்ச முடியுமா? ராணி உடை முழுக்க இதுதான்!"

மனைவி மெர்ல் ஒரு இழையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கொல்லைப்பக்கம் போய், கறை பிடித்த பழைய சாயப்பானை ஒன்றைக் கொண்டுவந்து கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தாராளமா காய்ச்சலாம். கார்னிவல் முடிஞ்ச மறுநாள் கோவத்துல ஆத்துல வீசினியே, அந்த உடையோட நூல்தான் இது. ஒரு மழைக்காலம் நனைஞ்சதும் சாயம் பதமாயிருக்கு" என்றாள். "நடுவர் வேண்டாம்னு சொன்னதுலதான் மஞ்சள்வால் குஞ்சு பொரிச்சிருக்கு."