தண்ணீருக்கடியில் ரேடியோ

"அண்ணி, பேரன் பேத்தி எடுத்த வயசுல பாடகன் கையெழுத்துக்கு வரிசையில நிக்கிறீங்களே, பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிக்கட்டும். இன்னைக்குத்தான் இவங்களுக்குக் கடைசிக் கச்சேரி. இதை விட்டா எப்ப பாக்கறது?" என்றாள் வெர்லீன். ஒலீட்டா அவளுடைய நாத்தனார். கேலி செய்வாளே தவிர, கார் ஓட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுவாள்.

அலபாமாவின் ஆகஸ்ட் வெயில். பொருட்காட்சித் திடலின் செம்மண் புழுதி கழுத்தில் ஒட்டியது. வரிசை ஒரு கூடாரத்துக்குள் போய் முடிந்தது. 'சோர்கம் ஃபெரி' குழுவின் பாடகன் லாமர் கிப்ஸ் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

கிட்டார்களை அலறவிட்டுக்கொண்டு ஊர்க்கதை சொல்லும் குழு அது. சாராயம் கடத்தியவன், ரயிலுக்குக் காத்திருந்தே கிழவியானவள் என்று ஒவ்வொரு பாட்டிலும் ஓர் ஆள் உண்டு. 'குவாரிக் குளம்' பாட்டில் இருப்பவன் வேட். பல வருடங்களுக்கு முன் அந்தக் குளத்தில் மூழ்கிச் செத்துப்போன, வெர்லீனின் கணவன்.

பாட்டில் வேட் குடித்துவிட்டுத் தன் பிக்கப் வண்டியில் தூங்குகிறான். பொழுது சாய்கிறது. பிரேக் நழுவி, வண்டி தானாகக் கரையிலிருந்து இறங்குகிறது. விளக்குகள் தண்ணீருக்கடியிலும் எரிகின்றன. ரேடியோவில் ஒரு போதகர் பேசிக்கொண்டேயிருக்கிறார். தண்ணீர் மூடிய பிறகும் அந்தக் குரல் கரைக்குக் கேட்கிறது.

அந்த வரி வரும்போது, ஆயிரம் பேர் கூடியிருக்கும் திடலும் கப்சிப்பென்று ஆகிவிடும். தீவனக் கடையில் முதன்முதலாக அதைக் கேட்டபோது வெர்லீன் அப்படியே சோள மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் குழு எங்கே பாடினாலும் போய்விடுவாள். அவளை உலுக்கிப்போட்ட அதே பாட்டு, அவளை அமைதியாகத் தூங்கவும் வைத்தது. அதைக் கேட்காத வாரம் அவளுக்கு ஓடாது.

"அண்ணன் முரடன்தான். உங்க மேல கை நீட்டினதும் உண்மைதான்" என்றாள் ஒலீட்டா. "ஆனா அந்தப் பாட்டுல பாருங்க, அசந்து தூங்கற குழந்தை மாதிரி இருக்கான். அதுக்காகவே இந்தப் பாட்டு எழுதின ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஒண்ணுதான் உறுத்துது அண்ணி. வண்டியை மறுநாள் தூக்கறப்ப லைட்டு, ரேடியோ எல்லாம் செத்துக் கெடந்துச்சு. ரேடியோ பாடினது இவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

"எவனோ கரையில நின்னு வேடிக்கை பாத்திருக்கான்னு வைங்க. என் அண்ணனைக் காப்பாத்தக் குதிக்காம நின்ன அவன் மட்டும் என் கையில கெடைச்சான், குரல்வளையை நெரிச்சிடுவேன்."

வெர்லீன் நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டாள். "தொண்டை வறளுது. எலுமிச்சம் ஜூஸ் வாங்கிட்டு வாயேன். அப்படியே உனக்கு அவிச்ச கடலையும்."

ஒலீட்டா முனகிக்கொண்டே கடைப்பக்கம் போனாள். வரிசை நகர்ந்தது. வெர்லீன் கூடாரத்துக்குள் நுழைந்தாள்.

லாமர் கிப்ஸ் நிமிர்ந்து பார்த்தான். தாடி நரைத்திருந்தது. பேனாவை எடுக்கவில்லை.

"வாங்கம்மா. எப்பவும் முன்வரிசையில நிப்பீங்க. எல்லாப் பாட்டையும் கூடவே பாடுவீங்க. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டீங்க."

வெர்லீனுக்கு இப்போதுதான் புரிந்தது. அத்தனை கூட்டத்தில் இத்தனை வருடமாக அவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அந்த ரேடியோ..." என்றாள். "யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. நானே கேட்டேன்."

வெளியே ராட்டினத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டன.

"எதிர்க்கரை நாணலுக்குள்ள கெளுத்திக்குத் தூண்டில் போட்டுட்டு இருந்தேன். எனக்கு அப்பத்தான் மீசை மொளைச்ச வயசு. அந்தப் போதகர் குரல் அடங்கறவரைக்கும் அசையலை. இன்னைக்கும் சில நாள் மேடையில பாடிட்டு இருக்கும்போதே அந்தக் குரல் கேக்கும். கிட்டார் சத்தத்தையும் மீறி."

மேசை விளிம்பை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "போலீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"ஊருக்கே பாட்டா சொன்னேனே. முதல்ல ஊர் உங்களைப் பத்தி என்னென்னமோ பேசிச்சு. பாட்டு வந்தப்புறம் பேச்சு நின்னுடுச்சு. பிரேக் நழுவிச்சு, வண்டி தானா இறங்கிடுச்சுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. ஊர் போலீஸுக்குத் தலைவர் ஷெரீஃபே கைதட்டிப் பாடறார்."

அவன் கூடார வாசலை எட்டிப் பார்த்தான். ஒலீட்டா இன்னும் கடலைக் கடையில்தான் நின்றிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அன்னைக்குப் பார்த்ததை எல்லாம் பாட்டுல வச்சுட்டேன்மா. வண்டியைப் பின்னாலேருந்து தள்ளின உங்க ரெண்டு கையை மட்டும்தான் வைக்கலை."