யார் முதுகு?

வழியனுப்பு விழாவில் வாசிக்கப் பாராட்டுரை எழுத உட்கார்ந்த குமாஸ்தாவுக்கு, மேலாளரைப் பற்றி மூன்று வரிக்கு மேல் பேனா நகரவில்லை.

பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெறும் தேதி.

முப்பது வருஷத்தில் மனிதர் யாருக்காவது ஒரு நல்லது செய்திருக்க வேண்டாமா? குமாஸ்தா மூளையைக் கசக்கிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்களைக் கேட்டார். எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

கடைசியில் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நாலாவது வரியை எழுதினார்: ‘அந்தப் பெருமழை நாளில், மயங்கி விழுந்த நம் வாட்ச்மேனை முதுகில் சுமந்து, முழங்கால் தண்ணீரில் மூன்று தெரு நடந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த கருணை உள்ளம்!’

விழாவில் அதை வாசித்தபோது மேலாளர் திருதிருவென்று விழித்தார்.

கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் அவர் தலை லேசாக ஆடத் தொடங்கியது. மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“என்ன கனம்கிறீங்க! பாதி வழியில செருப்பு ஒண்ணு தண்ணியோட போயிடுச்சு. போனா போகுதுன்னு நடந்தேன்.”

முன்வரிசையில் அவர் மனைவி, மறுநாள் புதுச்செருப்பு வாங்கப் போன கதையை ஆரம்பித்துவிட்டாள்.

குமாஸ்தா தன் தாளைப் பார்த்தார். அதில் செருப்பே இல்லை.

அந்த மழையில் மேலாளரின் கார் மதியமே கிளம்பிவிட்டது. சுமந்த முதுகு குமாஸ்தாவுடையது. இடுப்பு வலிக்கு அந்தப் பெல்ட் ஏறியதும் அதற்குப் பிறகுதான். எழுத வேறெதுவும் கிடைக்காமல், தான் செய்த ஒரே நல்ல காரியத்தைக் குமாஸ்தா ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கொடுத்திருந்தார். விழா முடிந்தால் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தார்.

பரவாயில்லை, வாட்ச்மேனுக்குத் தெரியும். அந்த மழையைச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்காகத் தனக்கு வணக்கம் வைக்கிறவர் ஆயிற்றே!

வாட்ச்மேன் எழுந்தார். நேராக மேடைக்குப் போய் மேலாளரின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இறங்கி வரும்போது குமாஸ்தாவின் பக்கத்தில் நின்றார்.

“சாரோட முதுகுச் சூடு இன்னும் நெஞ்சுல இருக்குண்ணே. நீங்கதான் அன்னைக்கு லீவு. பாக்கக் குடுத்து வைக்கல.”

குமாஸ்தா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. ஆமாம், லீவுதான்! அன்றைக்கு மச்சான் வீடு மாற்றினான். மாடிப்படி குறுகல். பீரோவின் அடிப்பக்கம் முழுக்க இவர் தலையில்.

இடுப்பு பிடித்துக்கொண்டது அதில்தானே!

ஒரு வார்த்தை நன்றி சொன்னானா பாவி, என்று மச்சானை மனசாரத் திட்டிக்கொண்டே, பெல்ட்டை இன்னும் ஒரு பிடி இறுக்கிக்கொண்டார்.