எதற்கும் இருக்கட்டும்

நான் ஒரு முதுகுப்பை. கூட வரும் சின்னப் பை என் மனைவி. ஒரு தம்பதியின் முதுகில் ஏறி, மழைக்காடுகள் நிறைந்த ஒரு நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்வெட்டர், இட்லிப் பொடி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தேன். அவளிடம் இரண்டு மாற்றுத்துணிதான். விவரம் போதாதவள் என்று வழியெல்லாம் அவளைக் கேலி செய்தேன்.

மூன்றாம் நாள் நடுக்காட்டில் மழை கொட்டியது.

"ஏங்க, ரெயின்கோட் எங்கே?" என்றாள் என் மனைவி.

"முக்கியமான சாமானாச்சே. அதைத்தான் முதல்ல வாங்கி வச்சுக்கிட்டேன்."

முதலில் வைத்தது அடியில் கிடந்தது. ஸ்வெட்டர், பொடி, இஸ்திரிப் பெட்டி என்று அந்தத் தம்பதி ஒவ்வொன்றாக எடுத்துச் சேற்றில் பரப்பினார்கள். மழை விட்ட பிறகுதான் ரெயின்கோட் கைக்கு வந்தது.

சொட்டச் சொட்ட நனைந்திருந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நல்ல வேளைங்க, ரெயின்கோட் நனையல."