நாடா வைத்த பக்கம்

“எதிர்த்து நின்னு சரணடைஞ்ச அந்தத் தீவை ஏதென்ஸ்காரங்க என்ன பண்ணாங்கன்னு படிங்க, பண்டிதரே” என்றார் பிரபு ஒத்தாவியானோ.

கிரேக்கச் சரித்திரப் புத்தகத்தில் பட்டு நாடா வைத்திருந்த பக்கத்தை லதான்சியோ திறந்தார். மேசையைச் சுற்றித் தளபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரியின் கொடியை ஏற்றிக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்ட காசல்நேரோ, நேற்றுத்தான் சரணடைந்திருந்தது. அந்த ஊரை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. லதான்சியோவின் தங்கை ஒரெத்தா வாழ்க்கைப்பட்டிருப்பது அங்கேதான்.

ஆண்களை வெட்டிவிட்டு வீடுகளைச் சூறையாட வேண்டும் என்று மூத்த தளபதி ரூஃபினோ அப்போதே தீர்ப்புச் சொல்லியிருந்தார். படை அவர் கையில் இருந்தது. பிரபுவே அவரிடம் முடியாது என்று சொல்லப் பத்து முறை யோசிப்பார். ஆனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியம் எதுவானாலும் பழைய கிரேக்கர்கள் என்ன செய்தார்கள் என்று புத்தகத்தைத் திறந்து பார்ப்பார்கள். அவர்கள் செய்ததுதான் சரி என்பதில் ரூஃபினோவுக்கும் மறுபேச்சில்லை.

இந்த வேலைக்குத் தெமெத்ரியோவை அல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்? கிரீட்டிலிருந்து வந்த அந்தக் கிழவர் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்ப்பவர். லதான்சியோ அப்படியல்ல. போன வருஷம் பிரபுவின் மூதாதை ஒருவரை ட்ராய் யுத்தத்துக்கே அனுப்பி, கையில் வாளும் கொடுத்துச் சரித்திரம் எழுதிய ஆசாமி.

பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஏதென்ஸ்காரர்கள் ஆண்கள் அத்தனை பேரையும் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள்.

“என்ன பண்டிதரே, பூச்சி அரிச்சிருக்கா?” ரூஃபினோ கொட்டாவி விட்டார்.

லதான்சியோ சுற்றிலும் பார்த்தார். அவருக்குத் தெரிந்து அங்கே வேறு யாருக்கும் கிரேக்கம் வராது. பிரபுகூடத் தோல் அட்டையின் அழகுக்காகவே புத்தகம் வாங்குகிறவர் என்று ஊரே கேலி பேசும். மாட்டிக்கொண்டால் தன் தலை போகும். உள்ளபடி படித்தால் ஒரெத்தாவின் புருஷன் தலை போகும்.

விரலை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்தார்.

“ஏதென்ஸ்காரர்கள் கோட்டைக் கதவைக் கழற்றி எடுத்துப் போனார்கள். மனிதர்களைத் தொடவில்லை. பிற்பாடு அந்தத் தீவுக்காரர்களே ஏதென்ஸுக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தார்கள்.”

ரூஃபினோ தாடியைச் சொறிந்தார். “கதவை மட்டுமா?”

“தாழ்ப்பாளையும்தான்.”

ரூஃபினோவுக்கு ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கிரேக்கர்களுக்கு மேலே நாம் யார் என்று முணுமுணுத்தபடி, காசல்நேரோவின் கதவைக் கழற்ற ஆள் அனுப்ப எழுந்து போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

லதான்சியோ அவசரமாகப் புத்தகத்தை மூடப் போனார். பிரபு அதைத் தன் பக்கம் இழுத்து, அதே வரியில் விரல் வைத்து, கிரேக்கத்திலேயே தட்டுத் தடங்கலின்றிப் படித்தார்.

லதான்சியோ மண்டியிட்டார். “பிரபுவே, என் தங்கச்சி அங்கதான்...”

“தெரியும், எழுந்திருங்க” என்ற பிரபு, தான் வைத்த நாடாவை உருவிச் சுருட்டிக்கொண்டார். “உள்ளதை உள்ளபடி படிக்கிற ஆள் வேணும்னா, நான் தெமெத்ரியோவைக் கூப்பிட்டிருக்க மாட்டேனா?”