பாத்திரத் தொட்டியில் விழுந்த விமர்சகர்

விமர்சகர் மறுபடியும் செத்தார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தத் தடவை எப்படிப் போனீங்க?" என்றாள்.

"கரண்டி தட்டி விட்டுருச்சு" என்றார் விமர்சகர், டிவியை முறைத்தபடி.

திரையில் அவருடைய பொம்மை உயிர் பெற்று, பழையபடி தொடக்கத்தில் வந்து நின்றது. முன்வழுக்கை, தொப்பை, கட்டம் போட்ட பைஜாமா. ஆளை நம் இஷ்டத்துக்கு அலங்கரித்துக்கொள்ளலாம் என்று அந்த கேமில் ஒரு வசதி இருக்கப்போய், மனைவி கணவரை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

வாரப் பத்திரிகையில் 'முதல் பார்வை' என்ற பகுதியில் புது கேம்களைக் கிழித்துத் தொங்கவிடுவது அவர் பிழைப்பு. விரல் வேகத்துக்கு ஒரு காலத்தில் பேர் போனவர்தான். அதுவே வேலை என்று ஆனபிறகு விளையாட அலுத்துப்போய்விட்டது. விளையாடாமலேயே கிழிக்கிறார் என்று வாசகர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆசிரியர் அன்று காலை போனில் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு லெவலையாவது முடிக்க வேண்டும், முடித்த திரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் வராவிட்டால் பகுதி வேறு ஆளுக்குப் போய்விடும்.

குதித்துக் குதித்துத் தாண்டும் கேம் அது. யார் வேண்டுமானாலும் சொந்தமாக லெவல் கட்டி உலகத்துக்கே விடலாம். வாரக்கணக்கில் டிவிக்குக் கீழே கிடந்த அந்தப் பெட்டியை அவர் கையில் எடுத்ததே இன்றைக்குத்தான்.

சுலபமானதாக ஒரு லெவலை எடுத்து வைக்கும் பொறுப்பை மனைவி தலையில் கட்டினார். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்பவள். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை, ஒன்றுமே இல்லை, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி உள்ளே தள்ளிப் பழகியவள். இதற்கும் அதையேதான் சொன்னாள்.

லெவல் முழுக்க ஒரு ராட்சதப் பாத்திரத் தொட்டி. சாய்ந்து நிற்கும் தட்டுகள், காலை வாரும் சோப்பு நுரை, ஆளைச் சுழற்றி எறியும் கரண்டி. எல்லாவற்றையும் தாண்டினால் கடைசியில் ஒழுகும் குழாய். சொட்டு தலையில் விழுந்தால் கதை முடிந்தது.

"இதைக் கட்டினவன் ஜென்மத்துல ஒரு தட்டு கழுவியிருக்க மாட்டான்" என்றார் விமர்சகர். தட்டு கழுவுவது பற்றி அவருக்கும் கேள்விஞானம்தான்.

"வேணாம்னா விட்டுடுங்க. அஞ்சு வயசுக் குழந்தைங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, எடுக்கட்டுமா?"

சுருக்கென்று தைத்தது அவருக்கு. நிமிர்ந்து உட்கார்ந்து மனைவிக்குப் பாடம் எடுத்தார். கட்டியவன் தானே ஒருமுறை விளையாடி முடித்துக் காட்டினால்தான் கேம் அந்த லெவலை வெளியே விடும், இதில் சட்டமே அதுதான் என்றார். பெட்டியின் பின்பக்கத்தில் அவர் படித்த ஒரே விஷயம் அது.

"அப்படின்னா எவனோ ஒரு வெட்டிப்பய இதை முடிச்சிருக்கான். அவனால முடியும், என்னால முடியாதா?"

"அதானே" என்றாள் மனைவி, ஒரு காலுறைக்கு ஜோடி தேடியபடி.

வழுக்கி விழுந்தார். நசுங்கினார். குழாய் வரைக்கும் போய், தலையில் சொட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். ஜன்னல் வெயில் சுவரை விட்டு இறங்கத் தொடங்கியது. மனைவி கேட்காமலேயே டீ கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு இப்போது நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இந்தப் பகுதி போய்விட்டால் தன்னை நாலு பேர் திட்டுவதற்குக்கூட நாதி இருக்காது.

மறுபடியும் குழாய் வரைக்கும் வந்துவிட்டார். அப்போதுதான் சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சொட், சொட். கொஞ்சம் இடைவெளி. சொட். இதோ சரிசெய்கிறேன் என்று அவர் மாதக்கணக்கில் தட்டிக்கழித்துவந்த குழாய். திரையிலும் அதே தாளம். உலகத்தில் எல்லாக் குழாயும் ஒரே மாதிரிதான் ஒழுகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காதைத் தீட்டி, அந்த இடைவெளியில் ஒரே தாவாகத் தாவினார்.

தாண்டிவிட்டார். திரை முழுக்க வாணவேடிக்கை. விமர்சகர் தொப்பை குலுங்க ஒரு ஆட்டம் ஆடினார்.

மனைவி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினாள். கல்யாணமான நாளாக அவள் அவருக்காக இப்படிக் கைதட்டியதில்லை. கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

சூட்டோடு சூடாக வாணவேடிக்கையைப் படமெடுத்து, கூடவே நாலு வரியும் தட்டி அனுப்பினார். லெவலைக் கட்டியவன் ஒரு கிராதகன், ஆனால் மகா கெட்டிக்காரன், இந்த ஆளை வெல்ல என்னைப் போல் ஒருவனால்தான் முடியும் என்று எழுதியிருந்தார். ஆசிரியரிடமிருந்து உடனே பதில் வந்தது. பகுதி அவருக்கேதான்.

நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தவர் டிவியைப் பார்த்தார். வாணவேடிக்கை அடங்கி, வேறு எழுத்துகள் வந்திருந்தன. 'உங்கள் லெவல் வெளியிடத் தயார். கட்டியவரின் பெயர்?'

"இதை ஏன் என்கிட்ட கேக்குது?" என்றார் விமர்சகர்.

மனைவி அவர் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பக்குவமாக வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அடிக்க ஆரம்பித்தாள்.

"கட்டின எனக்கே இத்தனை நாளா முடியலைங்க."