மேலிருந்து எடுத்த படம்

ஆரஞ்சுத் தோட்டத்தின் மேல் காலை வெயில் இன்னும் இளசாகத்தான் இருக்கிறது. தரையிறங்கிய ட்ரோனின் விசிறிகள் நின்றுவிட்டன. அவை கிளப்பிய புழுதி மட்டும் மெல்லப் படிகிறது. ட்ரோன் ஓட்டும் பெண்ணின் கையிலிருக்கும் திரையில், வெறும் கண்ணுக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும் மரங்களில் பாதி சிவப்பாகக் கிடக்கின்றன. தோட்டக்காரரின் மனைவி எட்டிப் பார்க்கிறாள். "சிவப்புன்னா காய் நல்லா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா?" "இல்லக்கா, நோவு. கண்ணுக்குத் தெரிய இன்னும் நாளாகும்." அவள் உள்ளங்கையால் திரையைத் துடைத்துப் பார்க்கிறாள். சிவப்பு போகவில்லை. "அவருகிட்ட சொல்லிடாதம்மா. இந்த மரங்கதான் அவருக்கு உசுரு. நானே நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன்" என்றபடி டீ போட உள்ளே போகிறாள். மர வரிசைகளுக்கு நடுவிலிருந்து மண்வெட்டியோடு தோட்டக்காரர் வருகிறார். திரைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மூடிய கையை விரிக்கிறார். கறுத்து அழுகிய ஒரு வேர்த்துண்டு, ஈர மண்ணின் புளித்த வாடையோடு. "தோண்டிப் பாத்துட்டேம்மா. உன் படமும் இதைத்தான் சொல்லும். வீட்டுல மட்டும் மூச்சு விட்டுடாதே, அவ உடைஞ்சு போயிடுவா." வேர் சட்டைப்பைக்குள் போகிறது. டம்ளர்கள் உரசும் சத்தம் வாசலில் கேட்கிறது. "என்னம்மா, நம்ம தோட்டம் எப்படி இருக்கு?" என்று மனைவி ஒன்றும் அறியாதவள்போல உரக்கக் கேட்கிறாள். "அதானே, சொல்லும்மா" என்கிறார் அவரும். இருவரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தையே பார்க்கிறார்கள்.