சைக்கிள் மாப்பிள்ளை

டி.வி.யில் ஒருவர் நனைந்த சாக்ஸைக் கழற்றிப் பிழிந்து, சைக்கிள் ஹேண்டில்பாரில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்குக் கொண்டுபோன காபியை மாதேஸ்வரன் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இவருதாங்கண்ணா மாப்பிள்ளை பிரேம்குமார்," என்றார் தரகர் ஆஞ்சப்பன். "நம்ம நாகரசம்பட்டிக்காரர். நெதர்லாந்துல யுனிவர்சிட்டி புரொபசர். வேலைக்குப் போற வீடியோவாம், உங்க வீட்டுல காட்டச் சொல்லி அவரே அனுப்பினாரு."

"புரொபசரா, புண்ணாக்கு விக்கறவனா? அந்த ஊர்ல நாலு சக்கரம் இன்னும் வரலியா?"

"அங்க டாக்டரு, வக்கீலு எல்லாம் சைக்கிள்தானாம். ஒடம்புக்கு நல்லதாம்."

"வேப்பெண்ணெயும்தான் ஒடம்புக்கு நல்லது. அதுக்காகக் கல்யாணப் பந்தியில ஊத்துவியா?"

ஓசூரில் பழைய லாரி வாங்கி பெங்களூர் பார்ட்டிகளுக்கு விற்பவர் மாதேஸ்வரன். ஆளின் முகத்தைப் பார்த்து எடைபோடும் பழக்கம் அவருக்கில்லை. வந்து இறங்கும் வண்டியைப் பார்ப்பார். டயர் தேய்ந்திருந்தால் ஆளும் தேய்ந்தவன்.

வந்த வரன்களையெல்லாம் மகள் ரூபா தட்டிக் கழித்ததில் அவருக்குப் பொறுமை போயிருந்தது. "இந்தத் தடவ உம்பேச்சு எடுபடாது. நான் சரின்னா சரி, அடுத்த முகூர்த்தத்துலயே தாம்பூலம் மாத்திடுவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் தரகரை வரவழைத்திருந்தார்.

டி.வி.யில் மாப்பிள்ளை சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் இந்தப் பக்கம் துழாவினார், அந்தப் பக்கம் துழாவினார். கிடைக்காமல் போகவே வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒழுகிய மூக்கை ஜாக்கெட் கையில் துடைத்தார். சேறு அப்பிய அதே கையால் ஒரு வாழைப்பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"த்தூ," என்றார் மாதேஸ்வரன். "சொந்த வண்டிக்கு ஸ்டாண்டு எங்க இருக்குன்னே தெரியல. இவன் ஊருக்குப் பாடம் நடத்தறானாம்."

"சைக்கிள்னா என்னப்பா?" ரூபா தலையைக் குனிந்தபடி சொன்னாள். "எனக்குப் புடிச்சிருக்கு. பின்னாடி கேரியர் இருக்கில்ல, நான் ஒக்காந்துக்குவன்."

கொட்டும் மழையில் மகள் அந்தக் கேரியரில் குந்திக்கொண்டு போவதும், முன்னால் சாக்ஸ் ஆடுவதும் மாதேஸ்வரனின் கண்முன் வந்து போயின.

"வாய மூடு. இத்தன லாரிய கைமாத்தி வுட்டவன் பொண்ணு கேரியர்ல போறதா? ஆஞ்சப்பா, நீ கெளம்பு. இந்த எடம் வேணாம்."

"அண்ணா, நல்ல குடும்பம்ங்க. கொஞ்சம் யோசிச்சு..."

"காசு குடுத்து இழுத்துட்டுப் போன்னாலும் வேணாம்."

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ரூபா மாடிக்கு ஓடினாள்.

தரகர் படியிறங்கியதும் சுகுணா புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்குத்தான் மொத மொதலா ஒருத்தரப் புடிச்சிருக்குன்னு வாய் தொறந்தா. அதுலயும் மண்ணள்ளிப் போட்டாச்சு. போங்க, போயி நீங்களே சமாதானம் பண்ணுங்க."

மாதேஸ்வரனுக்கும் மனசு கேட்கவில்லை. மாடியேறி, மகளின் அறைக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா வேணாம்னுட்டாருங்க பிரேம், ரொம்ப தேங்க்ஸ்... நாளையிலருந்து நீங்க உங்க கார்லயே காலேஜுக்குப் போகலாம்."